இஞ்ஞாசியாரின் தப்புக் கணக்குகள்

1522ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஸ்பெயினின் மொன்செராத் மலைக்கோயிலை நோக்கிக் கோவேறு கழுதையில் போய்க்கொண்டிருந்தார் இனிகோ என்ற முப்பது வயதுப் போர்வீரர். வழியில் மூர் இனத்தவர் ஒருவர் பேச்சுத்துணையாகச் சேர்ந்துகொண்டார். பேச்சு அன்னை மரியாளின் கன்னிமை பற்றித் திரும்பியது. கருத்தாங்கியபோது மரியாள் கன்னியாக இருந்தார் என்பதை ஏற்கலாம், பிள்ளையைப் பெற்ற பிறகும் அப்படியே இருந்தார் என்பதை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் வேகமாக முன்னே போய்விட்டார். இனிகோவுக்குப் பொறுக்கவில்லை. அன்னையின் மானத்தைக் காக்க அவரைத் தேடிப்போய்க் குத்துவாளால் குத்துவதா, போகட்டும் என்று விடுவதா? யோசித்து யோசித்து அலுத்துப்போனவர் கடைசியில் முடிவைக் கழுதையிடம் விட்டார். சாலை பிரியும் இடத்தில் கடிவாளத்தைத் தளர்த்துவது. மூர் போன ஊர்ப்பக்கம் கழுதை திரும்பினால் குத்துவது, நெடுஞ்சாலையிலேயே போனால் மறந்துவிடுவது. ஊர் மிகப் பக்கத்தில் இருந்தது, அங்கே போகும் வழியும் அகலமான நல்ல வழி. ஆனாலும் கழுதை நெடுஞ்சாலையில் போனது. ஒரு மனிதர் உயிர் பிழைத்தார், ஒரு புனிதர் கொலைகாரர் ஆகாமல் தப்பினார்.

பின்னாளில் இயேசு சபையை நிறுவியவரும், இறைத்திருவுளத்தைத் தேர்ந்து தெளிவதில் கத்தோலிக்கத் திருச்சபையே ஆசானாகக் கொண்டாடுபவருமான புனித லொயோலா இஞ்ஞாசியார் இவர்தான். கழுதைக் கதையைப் பகைவர் யாரும் கட்டிவிடவில்லை. ரோம் நகரில் தம் கடைசிக் காலத்தில், 1553க்கும் 1555க்கும் இடையே, கொன்சால்வஸ் ட காமரா என்ற சபைத் துறவியிடம் அவரே சொல்லி எழுதப்பட்ட தன்வரலாற்றில் இது இருக்கிறது. கடவுளுக்குத் தொண்டு செய்யும் ஆசை நிறைய இருந்தும் தம் ஆன்மா அன்று எவ்வளவு குருடாக இருந்தது என்று காட்டவே இதைச் சொல்வதாகவும் அதில் குறிப்பு உண்டு. கழுதை நெடுஞ்சாலையில் போனது ஆண்டவரின் செயல் என்றுதான் அவரும் நம்பினார். ஆனால் அந்த முறையை அவர் யாருக்கும் கற்றுத்தரவில்லை. பிற்காலத்தில் அவர் எழுதிய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் தேர்ந்து தெளிவதற்கு எத்தனையோ விதிகள் உண்டு, இப்படி அடையாளம் கேட்கும் விதி ஒன்றுகூட இல்லை.

நம்மில் பெரும்பாலானவர்கள் இறைத்திருவுளம் என்பதைக் கல்வித்துறை அச்சடித்து வைத்திருக்கும் தேர்வு முடிவைப் போல நினைக்கிறோம். முடிவு ஏற்கெனவே எங்கோ தயாராக இருக்கிறது, நமக்குத் தெரிய வேண்டியதுதான் பாக்கி. ஆகவே திருவுளச்சீட்டுப் போடுகிறோம், விவிலியத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் விழுந்த வசனத்தைப் படிக்கிறோம், நவநாள் முடிவதற்குள் ஏதாவது நடக்கிறதா என்று பார்க்கிறோம். புனிதர்களுக்கு அந்த முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும், அதனால்தான் அவர்கள் புனிதர்கள் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. இஞ்ஞாசியாரின் வாழ்க்கையை ஊன்றிப் படித்தால் இந்த எண்ணம் நிலைக்காது. உறுதியாக நம்பி எடுத்த முடிவுகள் மறுபடி மறுபடி தவறிப்போன ஒருவரின் வாழ்க்கை அது. அந்தத் தவறுகளை மறைக்காமல், அவை ஒவ்வொன்றும் எப்படி நேர்ந்தன என்று ஆராய்ந்ததிலிருந்துதான் அவருடைய முறையே பிறந்தது. ஆகவே அவரிடம் நாம் கற்க வேண்டியது கடவுளின் முடிவை எட்டிப்பார்க்கும் வித்தையை அல்ல என்பது என் வாதம். நம் உள்ளத்தில் எழும் தூண்டுதலை உடனே நம்பாமலும், உடனே தள்ளாமலும், காலத்தாலும் நடப்பாலும் பிறர் கண்ணாலும் சோதிக்கும் பொறுமையைத்தான் அவர் வாழ்க்கை கற்றுத்தருகிறது.

தொடக்கம் ஒரு நோய்ப்படுக்கை. 1521 மே 20 அன்று பாம்ப்லோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது பீரங்கிக் குண்டு ஒன்று இனிகோவின் காலை நொறுக்கியது. லொயோலாவில் இருந்த குடும்ப மாளிகைக்குத் தூக்கி வந்தார்கள். எலும்பு கோணலாகக் கூடியிருந்ததால் மறுபடி உடைத்துப் பொருத்தினார்கள். பிறகும் முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அரசவைக்காரர்கள் அணியும் இறுக்கமான காலணி போட முடியாதே என்பதற்காக அதை அறுத்தெடுக்கச் சொன்னார். மயக்க மருந்து இல்லாத காலம். அவ்வளவு பகட்டு அவருக்கு. படுத்த படுக்கையில் பொழுது போக வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தவை சாக்சனி நாட்டு லுதோல்ஃப் எழுதிய கிறிஸ்துவின் வரலாறும், புனிதர் வரலாறுகளின் தொகுப்பும்தான். வேறு வழியில்லாமல் அவற்றைப் படித்தார். படிக்காத நேரத்தில் இரண்டு வகைக் கனவுகளில் மிதந்தார். ஒன்று, உயர்குடிப் பெண் ஒருத்தியின் மனத்தைக் கவரச் செய்யப்போகும் வீரச்செயல்கள். மற்றொன்று, புனித பிரான்சிஸ்குவும் புனித தோமினிக்கும் செய்ததைத் தாமும் செய்வது, வெறுங்காலோடு எருசலேம் போவது. இரண்டுமே நினைக்கும்போது இனித்தன. ஆனால் முதல் கனவு கலைந்ததும் மனம் வறண்டு கிடந்தது. இரண்டாவது கலைந்த பிறகும் நிறைவு தங்கியது. இந்த வேறுபாடு கண்ணில் பட அவருக்குப் பல நாட்கள் பிடித்தன. பட்டதும் வியந்துபோனார்.

பக்தி எண்ணம் இனிக்கும், உலக எண்ணம் கசக்கும் என்று அவர் கண்டிருந்தால் அதில் புதுமை ஏதுமில்லை. இரண்டும் ஒரே அளவு இனித்தன என்பதுதான் இங்கே முக்கியம். எழும் நேரத்தில் ஓர் எண்ணம் தரும் இன்பம் எதற்கும் சான்றாகாது, அது விட்டுச்செல்வதைப் பார்க்க வேண்டும். அதற்குக் காத்திருக்க வேண்டும். கடவுளின் விருப்பத்தை ஒரே நொடியில் அறியலாம் என்ற எண்ணத்துக்கு இங்கேயே முதல் அடி விழுந்துவிட்டது.

இதைக் கண்ட பிறகும் அவர் தெளிந்துவிடவில்லை. கழுதைச் சம்பவமே இதற்குப் பின்னால்தான் நடந்தது. மொன்செராத்தில் வாளை அன்னையின் பீடத்தில் காணிக்கையாக்கி, நல்ல உடைகளை ஏழை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, மன்ரேசா என்ற சிற்றூரில் ஏறத்தாழ ஓராண்டு தங்கினார். பிச்சையெடுத்துச் சாப்பிட்டார், முடியையும் நகத்தையும் வெட்டாமல் விட்டார், நாளெல்லாம் செபித்தார். அங்கே அவரைப் பிடித்தது பாவ அச்சம். மொன்செராத்தில் மூன்று நாள் எடுத்து வாழ்நாள் பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டிருந்தும், ஏதோ விட்டுப்போயிற்று என்ற அரிப்பு தீரவில்லை. மறுபடி மறுபடி பாவசங்கீர்த்தனம் செய்தார். தாம் தங்கியிருந்த அறையின் குழியில் குதித்து உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம்கூட வந்தது. ஒரு வாரம் உண்ணாமல் கிடந்தார். ஆன்ம குரு அதட்டிய பிறகே உணவு எடுத்தார். இதில் கவனிக்க வேண்டியது, அந்த அச்சம் பக்தி வேடத்தில் வந்தது என்பது. பாவத்தை முழுமையாக அறிக்கையிடு என்பதைவிட நல்ல தூண்டுதல் எது? ஆனால் அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பின்தொடர்ந்து பார்த்தபோது, வாழ்வின் மீதே வெறுப்பிலும் தற்கொலை எண்ணத்திலும் முடிந்தது. அப்படி முடிவது நல்ல ஆவியின் வேலையாக இருக்க முடியாது என்று கண்டு, பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்தார். அச்சம் விலகியது. கெட்ட ஆவி ஒளியின் தூதனாக வேடமிட்டு வரும் என்றும், ஓர் எண்ணத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்க்க வேண்டும் என்றும் அவர் பிறகு வகுத்த விதிகளுக்குப் பின்னால் இந்த வேதனை இருக்கிறது.

இதையும்விட நுட்பமான ஏமாற்றம் பார்சலோனாவில் காத்திருந்தது. முப்பது வயதைத் தாண்டிய அவர் அங்கே சிறுவர்களோடு உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் படித்தார். மனப்பாடம் செய்ய உட்காரும் நேரமெல்லாம் ஆழ்ந்த ஆன்மிகத் தெளிவுகள் மனத்தில் பெருகின. வினைச்சொல் திரிபுகள் தலையில் ஏறவில்லை. யாராக இருந்தாலும் இதைக் கடவுளின் அருள் என்றே கொண்டாடியிருப்பார்கள். இஞ்ஞாசியார் ஒரு கேள்வி கேட்டார்: செபத்திலும் திருப்பலியிலும் இருக்கும்போது இவ்வளவு தெளிவு வருவதில்லையே, பாடப் புத்தகத்தைத் திறக்கும்போது மட்டும் ஏன் வருகிறது? இது சோதனை என்று முடிவுகட்டி, ஆசிரியரைத் தேடிப்போய், இனி இரண்டு ஆண்டு ஒரு வகுப்பையும் கவனிக்காமல் விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். ஆன்மிக இன்பத்தை ஒதுக்கிவிட்டு இலக்கணத்தைத் தேர்ந்துகொண்ட புனிதர் இவரைத் தவிர வேறு யாரும் இருக்கிறார்களா, தெரியவில்லை. பக்தி உணர்வு பொங்குவதையே இறைவனின் கையெழுத்தாகக் கொள்ளும் இன்றைய எழுப்புதல் மேடைகளுக்கு இந்தச் சம்பவம் அவ்வளவாக ஒத்துவராது.

எல்லாவற்றிலும் பெரிய தப்புக் கணக்கு எருசலேம். நோய்ப்படுக்கையில் பிறந்து, நிறைவு தந்த ஆசை என்று சோதித்துப் பார்த்த ஆசை அது. 1523இல் அங்கே போய்ச் சேர்ந்ததும், வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கி ஆன்மாக்களுக்குத் தொண்டு செய்வது கடவுளின் விருப்பம் என்று உறுதியாக நம்பினார். புனிதத் தலங்களைக் காத்துவந்த பிரான்சிஸ்கன் துறவிகளின் தலைவர் ஒப்பவில்லை. பயணிகள் பிடிபட்டால் மீட்புப்பணம் கட்ட வேண்டிய ஆபத்தான இடம். புறப்படாவிட்டால் திருச்சபையிலிருந்து விலக்கிவைக்கத் திருத்தந்தை கொடுத்த அதிகாரம் தமக்கு உண்டு என்றார். ஆணையைப் பார்க்கத் தேவையில்லை என்று சொல்லி இஞ்ஞாசியார் பணிந்தார். சில வாரங்களிலேயே கப்பல் ஏறவேண்டியதாயிற்று. அதற்கு முன் ஒலிவ மலைக்கு யாரிடமும் சொல்லாமல் ஓடி, காவலர்களுக்குப் பேனாக்கத்தியைக் கொடுத்து, ஆண்டவர் விண்ணேறிய இடத்தில் உள்ள பாதச்சுவட்டைப் பார்த்தார். எந்தப் பாதம் எந்தத் திசையைப் பார்த்திருந்தது என்று கவனிக்க மறந்துவிட்டதால் திரும்பவும் ஓடி, இம்முறை கத்தரிக்கோலைக் கொடுத்து உள்ளே போனார். ஊரைவிட்டுப் போக வேண்டியவரின் ஏக்கம் அதில் தெரிகிறது. ஆனாலும், தாம் அங்கே தங்குவது ஆண்டவரின் விருப்பம் அல்ல என்பதை அந்தத் தலைவரின் மறுப்பிலிருந்து ஏற்றுக்கொண்டார். இனி என்ன செய்வது என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்தான் பார்சலோனாவின் லத்தீன் வகுப்பு.

அந்தத் தோல்வி அவருக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்பது பதினோரு ஆண்டு கழித்துப் பாரிஸில் தெரிந்தது. 1534 ஆகஸ்ட் 15 அன்று மோன்மார்த் குன்றின் சிற்றாலயத்தில் இஞ்ஞாசியாரும் அவர் தோழர்களான பீட்டர் ஃபேபர், பிரான்சிஸ் சவேரியார் உள்ளிட்டோருமாக ஏழு பேர் வார்த்தைப்பாடு எடுத்தார்கள். எருசலேம் போவது என்பதே அதிலும் இடம்பெற்றது, ஆசை மாறவில்லை. ஆனால் வார்த்தைப்பாட்டிலேயே ஒரு மாற்றுவழியும் இருந்தது: வெனிஸில் ஓராண்டு காத்திருந்தும் கப்பல் கிடைக்காவிட்டால் திருத்தந்தையிடம் போய், எங்கே அனுப்பினாலும் போகிறோம் என்று தங்களை ஒப்படைப்பது. 1537இல் வெனிசுக்கும் துருக்கியருக்கும் பகை முற்றியதால் திருத்தலப் பயணிகளின் கப்பல் கிளம்பவில்லை. அவர்கள் ரோமுக்குப் போனார்கள். இயேசு சபை உருவானது. 1523இல் ஆசையை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர், 1534இல் அந்த ஆசை தவறாக இருக்கலாம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். தெளிதல் என்பதில் அவர் அடைந்த வளர்ச்சியை இந்த ஒரு வாக்கியத்தில் அளந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலோடு வெளிவந்த ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ இந்த அனுபவங்களின் சாறு. முடிவெடுக்க மூன்று தருணங்கள் உண்டு என்கிறது அந்நூல். ஐயத்துக்கே இடமில்லாதபடி கடவுள் உள்ளத்தை இழுத்துக்கொள்வது முதல் வகை. புனித பவுலுக்கும் மத்தேயுவுக்கும் நடந்தது போல. ஆறுதலும் வறட்சியும் மாறி மாறி வருவதைப் பல நாள் கவனித்து அறிவது இரண்டாம் வகை. உள்ளம் அலையில்லாமல் இருக்கும்போது அறிவைக் கொண்டு சீர்தூக்குவது மூன்றாம் வகை. மூன்றாவதற்கு அவர் சொல்லும் வழிகளைப் பார்த்தால் யாரும் ‘இது ஆன்மிகமா?’ என்று கேட்பார்கள்: இந்தப் பக்கத்தின் நன்மை தீமைகளையும் அந்தப் பக்கத்தின் நன்மை தீமைகளையும் வரிசைப்படுத்து, முன்பின் தெரியாத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் என்ன சொல்வாயோ அதை உனக்குச் சொல்லிக்கொள், சாகும் நேரத்தில் எதைத் தேர்ந்திருந்தால் நிம்மதியாக இருக்கும் என்று எண்ணிப்பார். இவற்றோடு இரண்டு தடைகளையும் வைத்தார். மனம் வறண்டு இருண்டு கிடக்கும்போது முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றாதே. மனம் பொங்கிவழியும்போது அவசரப்பட்டு வார்த்தைப்பாடு எதுவும் கொடுக்காதே. முதல் தடையைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள், இரண்டாவதை யாரும் அவ்வளவாக நினைவூட்டுவதில்லை. பயிற்சி கொடுப்பவருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. துறவறத்துக்குப் போ என்றோ இல்லறத்துக்குப் போ என்றோ பயிற்சி பெறுபவரைத் தள்ளக்கூடாது; தராசின் முள் போல நடுவில் நின்று, படைத்தவரும் படைப்பும் நேரடியாகப் பேசிக்கொள்ள விட வேண்டும். தேவ அழைத்தல் முகாம்களை நடத்துவோர் இதைச் சொல்லும் பதினைந்தாம் குறிப்பை ஆண்டுக்கு ஒருமுறையாவது படித்தால் நல்லது.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது, கடினமானதும் அதுதான். எந்தப் பக்கம் முடிவு வந்தாலும் ஏற்கத் தயாராக, செல்வத்தையும் வறுமையையும், புகழையும் இகழையும், நெடுவாழ்வையும் குறுவாழ்வையும் ஒன்றாகப் பார்க்கும் பற்றற்ற நிலைக்கு வந்த பிறகே கேள்வியைக் கேட்க வேண்டும். மகனை மருத்துவராக்குவது என்று தீர்மானித்துவிட்டு அதற்கு இறைவனின் ஒப்புதலைத் தேடுவது தெளிதல் ஆகாது. முதலில் முடிவை எடுத்துக்கொண்டு பிறகு கடவுளை அந்த இடத்துக்கு வரச்சொல்கிறார்கள் என்று இத்தகையவர்களைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொள்கிறார். அந்தப் பற்றற்ற நிலை அவருக்கும் எளிதாக வரவில்லை. 1555இல் தமக்கு வேண்டாதவரான கரஃபா கர்தினால் நான்காம் பவுல் என்ற பெயரில் திருத்தந்தையானபோது இஞ்ஞாசியாரின் உடம்பில் எலும்பெல்லாம் நடுங்கின என்று ட காமரா எழுதிவைத்திருக்கிறார். எழுந்து சிற்றாலயத்துக்குப் போனார். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருந்தது.

இனி மறுப்புகள். இதெல்லாம் வெறும் உளவியல்தானே, கடவுளை எதற்கு இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். எண்ணங்களைக் கவனி, அவசரப்படாதே, பட்டியல் போடு என்பவற்றைக் கடவுள் நம்பிக்கை இல்லாத ஆலோசகரும் சொல்வார், உண்மை. அவற்றால் நம்பிக்கை இல்லாதவரும் பயன் பெறலாம், அதில் இஞ்ஞாசியாருக்கு நட்டம் இல்லை. அருள் இயற்கையை அழிப்பதில்லை, அதை நிறைவாக்குகிறது என்பது தாமஸ் அக்குவினாஸ் காலத்திலிருந்தே கத்தோலிக்க மரபு சொல்லிவருவது. மனம் இயங்கும் விதத்தைத் தாண்டித்தான் கடவுள் பேச வேண்டும் என்ற கட்டாயம் அந்த மரபில் இல்லை. வேறுபாடு அளவுகோலில் இருக்கிறது. எனக்கு எது மனநிறைவு தரும் என்பது ஆலோசகரின் கேள்வி. கடவுளைப் போற்றவும் தொண்டு செய்யவும் எது அதிகம் உதவும் என்பது இஞ்ஞாசியாரின் கேள்வி. இரண்டும் சில நேரம் ஒரே பதிலைத் தரும், சில நேரம் எதிரெதிரான பதிலைத் தரும். மனநிறைவை மட்டும் பார்த்திருந்தால் பார்சலோனாவில் இலக்கணத்தைத்தான் விட்டிருப்பார்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ‘கடவுள் என்னிடம் சொன்னார்’ என்று சொல்லி எத்தனை குடும்பங்கள் கெட்டிருக்கின்றன, எத்தனை கூட்டங்கள் ஏமாற்றப்பட்டிருக்கின்றன. உள்ளத்தின் அசைவுகளில் கடவுளைத் தேடச் சொல்வது அந்தக் கதவைத் திறந்துவிடுவது ஆகாதா? அவர் காலத்திலேயே இந்தக் கேள்வி எழுந்தது. தூய ஆவியாரின் நேரடி ஒளி பெற்றவர்கள் என்று சொல்லிக்கொண்ட குழுக்களைத் திருச்சபை விசாரித்துக்கொண்டிருந்த காலம் அது. அல்கலாவில் 42 நாளும் சலமான்காவில் 22 நாளும் இஞ்ஞாசியார் சிறையில் கிடந்தார். சலமான்காவில் தோமினிக்கன் துறவி ஒருவர் மடக்கினார்: நீ படித்தவன் இல்லை, ஒழுக்கம் பற்றிப் பேசுகிறாய், படிப்பால் பேசவில்லை என்றால் தூய ஆவியாரால் பேசுகிறாயா? ‘ஆம்’ என்று சொல்லியிருந்தால் கூட்டம் சேர்ந்திருக்கும், ஒருவேளை விறகும் சேர்ந்திருக்கும். அவர் வாய் திறக்கவில்லை. பாரிசுக்குப் போய் ஏழு ஆண்டு படித்தார். தம் உள்ளத்து ஒளியை அறிவாலும் திருச்சபையின் அதிகாரத்தாலும் சோதிக்கக் கொடுப்பதை அவர் அவமானமாக எண்ணவில்லை. 1539இல் சபை அமைப்பதா, அதில் ஒருவருக்குக் கீழ்ப்படிய வேண்டுமா என்று தோழர்கள் வாரக்கணக்கில் ரோமில் ஆராய்ந்தபோது, ஒருவர் மற்றவரைத் தம் பக்கம் இழுக்கப் பேசக்கூடாது, தாம் இந்தக் கூட்டத்தைச் சேராத அந்நியர் என்று நினைத்து எடைபோட வேண்டும், எதிரான காரணங்களை ஒரு நாளும் ஆதரவான காரணங்களை இன்னொரு நாளும் எல்லாரும் சொல்ல வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டார்கள். இந்தத் தடுப்புகள் எதுவுமே இல்லாமல் ‘எனக்குக் காட்டப்பட்டது’ என்று மேடையேறுபவரை இஞ்ஞாசியாரின் சீடர் என்று சொல்ல முடியாது.

இந்த மறுப்புக்கு எனக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பதில் 1552 ஜூன் 5 தேதியிட்ட ஒரு கடிதத்தில் இருக்கிறது. முன்பு காந்தியா நாட்டுக் கோமகனாக இருந்து சபையில் சேர்ந்த பிரான்சிஸ் போர்ஜியாவைக் கர்தினாலாக்கப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் விரும்பினார், திருத்தந்தை மூன்றாம் ஜூலியசும் இசைந்தார். இஞ்ஞாசியார் மூன்று நாள் செபித்தார்; மனம் அங்கும் இங்கும் ஆடியது; கடைசியில் இதைத் தடுப்பதே தம் கடமை, தடுக்காவிட்டால் கடவுளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற உறுதி வந்தது. தடுக்கவும் செய்தார். ஆனால் போர்ஜியாவுக்கு எழுதும்போது, தம்மைத் தடுக்கத் தூண்டும் அதே இறையாவியே வேறு காரணங்களுக்காக மற்றவர்களை இதற்கு நேர்மாறான செயலுக்குத் தூண்டலாம், பேரரசரின் விருப்பமே நிறைவேறவும் கூடும் என்று சேர்த்துக்கொண்டார். தாம் செய்ய வேண்டியது என்ன என்பதில் முழு உறுதி. முடிவில் கடவுள் என்ன செய்வார் என்பதில் எந்த உரிமைகோரலும் இல்லை. தம்மை மறுப்பவர் கடவுளை மறுக்கிறார் என்று எண்ணாத ஓர் உறுதி மதத் தலைவர்களிடம் அபூர்வமாகவே காணக்கிடைக்கிறது.

இவரே கண்மூடித்தனமான கீழ்ப்படிதலைப் போதித்தவர் ஆயிற்றே, எனக்கு வெள்ளையாகத் தெரிவதைத் திருச்சபை கறுப்பு என்று வரையறுத்தால் கறுப்பு என்று நம்பத் தயாராக இருக்க வேண்டும் என்று எழுதியவர் ஆயிற்றே என்று சிலர் கேட்பார்கள். அந்த வரி அவர் நூலில் இருப்பது உண்மை, இன்று படிக்க உறுத்தலாகவும் இருக்கிறது. அதை மழுப்பத் தேவையில்லை. ஆனால் தெளிதலுக்கு அவர் ஒதுக்கிய களம் வேறு. தன்னிலேயே தீமையான ஒன்றையோ, திருச்சபை விலக்கிய ஒன்றையோ தேர்ந்து தெளியும் பேச்சுக்கே அவரிடம் இடமில்லை. லஞ்சம் வாங்கலாமா, மனைவியை அடிக்கலாமா என்று ஒருவர் செபித்து அறிய வேண்டியதில்லை. இரண்டு நல்லவற்றுக்கு இடையே எது என்பதே கேள்வி. கட்டளைகள் அங்கே வந்து நின்றுவிடுகின்றன. அங்கிருந்து ஒவ்வொருவரும் தனியாக நடக்க வேண்டியிருக்கிறது.

தமிழ் மண்ணோடு இந்தக் கதைக்கு நேரடித் தொடர்பு உண்டு. போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜான் இந்தியாவுக்கு ஆள் கேட்டபோது இஞ்ஞாசியார் தேர்ந்தது சவேரியாரை அல்ல, மற்ற இரு தோழர்களான ரொட்ரிகசையும் பொபதில்லாவையும். பொபதில்லா நோயில் விழுந்தார். 1540 மார்ச்சில், புறப்பட ஒரு நாளே இருக்கும்போது, சவேரியார் அந்த இடத்துக்கு வந்தார். 1542 அக்டோபரில் அவர் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வந்ததற்குப் பின்னால் காட்சியோ அசரீரியோ எதுவும் கிடையாது, ஒருவரின் காய்ச்சல்தான். அதே சவேரியார் 1545இல் மயிலாப்பூரில் புனித தோமாவின் கல்லறை அருகே சில மாதங்கள் தங்கி, இன்றைய இந்தோனேசியாவில் உள்ள மக்காசருக்குப் போவது கடவுளின் விருப்பமா என்று செபித்தார். பெரும் ஆறுதலோடு, போக வேண்டும் என்ற தெளிவு கிடைத்ததாக எழுதினார். மலாக்கா வரை போனார். அங்கே கிடைத்த செய்திகள் மக்காசர் பயணத்தை நிறுத்தின. அவர் கப்பல் ஏறியது அம்போன் தீவுக்கு. மயிலாப்பூரில் கிடைத்த தெளிவு பொய் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த துறைமுகம் வரை போக அது போதுமானதாக இருந்தது.

கடைசியாக, பொதுவாகக் கேட்கப்படும் மறுப்பு ஒன்று. இவர்கள் துறவிகள், மனைவி, பிள்ளை, வீட்டுக்கடன் இல்லாதவர்கள், கப்பல் கிடைக்காவிட்டால் ரோமுக்குப் போகலாம். நாற்பது வயதில், தவறான வேலையிலோ தவறான மணத்திலோ இருப்பதாக உணரும் ஒருவருக்கு இந்த முறையால் என்ன பயன்? இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இஞ்ஞாசியார் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவில்லை. மாற்றக்கூடிய தேர்வுகளையும் மாற்ற முடியாதவற்றையும் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் பிரித்துவைத்தார். வேலை, ஊர், சொத்து போன்றவை மாற்றக்கூடியவை. அவற்றைத் தவறாகத் தேர்ந்திருந்தால் நன்றாக யோசித்து மறுபடி தேரலாம். திருமணத்தையும் குருத்துவத்தையும் அவர் மாற்ற முடியாதவற்றில் சேர்த்தார். இந்த வாழ்வைத் தன் வசதிக்காகவோ பிறர் நெருக்கியதாலோ ஒருவர் தவறான நோக்கத்தோடு தேர்ந்திருந்தால், அதைக் கடவுளின் அழைப்பு என்று பூசி மெழுக அவர் விடவில்லை. கோணலாக எடுத்த முடிவைத் திருவுளம் என்று சொல்லிக்கொள்வதில் பலர் தவறுகிறார்கள் என்றே வெளிப்படையாக எழுதினார். அதே மூச்சில், அதற்காக வருந்தி, இருக்கும் அந்த வாழ்விலேயே நன்றாக வாழ முயல வேண்டும் என்றார். கொடுமை நிறைந்த மணத்தில் அடைபட்டவர்கள் விஷயத்தில் பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டமே இடம் தருகிறது. அதை இந்த அறிவுரையால் மூடிவிட முடியாது. மற்றபடி ‘கடவுள் எனக்கு வைத்திருந்த வழியை இருபது ஆண்டுக்கு முன்பே தவறவிட்டுவிட்டேன், இனி எனக்கு என்ன இருக்கிறது’ என்று கேட்பவர்களுக்கு அந்தப் பக்கத்தில் பதில் உண்டு. தொலைந்த வழியைத் தேடிப் பின்னால் போகச் சொல்லவில்லை அவர். நாளைக் காலையில் கையில் இருக்கும் கடமையில் எதை எப்படிச் செய்வது என்ற கேள்வியை, அதே முறையில், அங்கிருந்தே கேட்கத் தொடங்கச் சொல்கிறார்.